பலவேசம் குடித்தது தங்கபுஷ்பத்துக்கு ஏறிய கதை

மூணாம் அளம் என்று ஒரு ஊர். கடலுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே, உப்புப் பாத்திகளின் ஓரத்தில் பாசி மாதிரி ஒட்டிக்கிடக்கிற நாலு தெரு. அங்கே தண்ணீர் கரிக்கும், காற்று கரிக்கும், துவைத்துக் காயப்போட்ட சேலையை எடுத்து நக்கினால் அதுவும் கரிக்கும், ஆண்கள் எல்லாரும் குடிப்பார்கள், ஆனால் அதற்கு அங்கே குடி என்று பேர் கிடையாது. உப்பு வாரிக் கடுத்த தோளுக்குக் குடித்தால் அது மருந்து. சாவு விழுந்த துட்டி வீட்டில் குடித்தால் ஆத்தாமை, கல்யாண வீட்டில் குடித்தால் மரியாதை, கோவில் கொடையில் குடித்தால் சாமிக்கு. மழை பெய்து பாத்தி கரைந்தால் கவலைக்குக் குடிப்பார்கள், மழை பொய்த்து உப்பு பூத்தால் சந்தோசத்துக்குக் குடிப்பார்கள், மழை வருமா வராதா என்று தெரியாத நாளில் அந்தத் தெரியாமைக்குக் குடிப்பார்கள். ஒருத்தனைக் குடிகாரன் என்று சொல்ல வேண்டுமென்றால் அவன் பக்கத்து ஊர்க்காரனாக இருக்க வேண்டும்.

பலவேசத்துக்கு இதற்கெல்லாம் மேலே இன்னும் ரெண்டு காரணம் இருந்தது. ஒன்று, அவன் அளத்து மாடனுக்குச் சாமியாடி. கொடைக்குக் கொடை மாடன் அவன் மேல்தான் இறங்குவார், படையலில் வைத்த பாட்டிலை அவன் வாய் வழியாகத்தான் குடிப்பார். இன்னொன்று, அவனுக்குப் பிள்ளை இல்லை. "பாவம், பிள்ளையத்தவன், குடிச்சிட்டுப் போறான், உடுங்க" என்று ஊரே அவனுக்காக இரங்கும். அவன் பெண்டாட்டி தங்கபுஷ்பத்துக்கும் அதே பிள்ளைதான் இல்லை. அவளுக்கு யாரும் எதையும் ஊற்றிக் கொடுத்ததில்லை.

பங்குனி வெயில் சாய்ந்த ஒரு பொழுதில் பலவேசம், அளத்து மேஸ்திரி கொம்பையாவோடு கருவேலங்காட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வழக்கம்போல ஊற்றிக்கொண்டான். ஏறவில்லை. "தண்ணியக் கலந்துட்டான் அண்ணாச்சி" என்றான். "எனக்கும் அப்படித்தான்ல தோணுது" என்றார் கொம்பையா. இன்னொரு தடவை ஊற்றிக்கொண்டார்கள். அதுவும் கிணற்றில் போட்ட கல்லாக உள்ளே போய்ச் சத்தமில்லாமல் கிடந்தது. எழுந்து நின்றான், கால் நின்றது. நடந்தான், வரப்பு நேராக இருந்தது. தன் வீட்டுக் கதவு நீல நிறம் என்பதை எத்தனையோ வருசம் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தான், அது ஓரத்தில் உப்பரித்துப் பொரிந்து போயிருந்ததையும் பார்த்தான்.

உள்ளே முற்றத்தில் தங்கபுஷ்பம் காலை அகல நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அரிவாள்மணையில் பாதி செதில் எடுத்த சாளை மீன், மீதி அவள் மடியில், ஒன்று அவள் தலையில்.

"வாரும் துரையே!" என்றாள். நாக்கு அவள் வாய்க்குள் கனத்துப் புரண்டது. "எவன்ல என்னக் கேக்கது? ஏ? நான் யாரு தெரியுமா? இந்த அளத்துல என்னய மாதிரி எவனாவது உப்பு வாருவானால?" பிறகு அழுதாள். "நான் ஒரு பாவி. எனக்கு ஆரும் இல்லை. என்னய ஆருக்கும் தெரியாது." பிறகு பாடினாள். பிறகு அழுதுகொண்டே பாடினாள்.

பலவேசம் அசந்து நின்றான். இந்தப் பேச்சை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது, ஆனால் கேட்டதில்லை. கேட்டதில்லை, ஆனால் அவனுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு பொழுதும் அவன் வாசலில் நின்று சொன்ன பேச்சு, வரிசை மாறாமல், மூக்கைச் சீந்துகிற இடம்கூட மாறாமல். குனிந்து அவள் வாயை மோந்து பார்த்தான். வெற்றிலை வாசம்தான் வந்தது.

அவள் குமட்டினாள். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தான் இப்படி வந்து விழுகிறபோது அவள் என்ன செய்வாள் என்று யோசித்தான், அதுதான் அவனுக்குத் தெரியாதே, அந்தப் பொழுதுகளில் அவன் அங்கே இருந்ததே இல்லையே. பக்கத்து வீட்டுக்கு ஓடினான், கொம்பையாவின் சம்சாரம் சொர்ணக்கிளியிடம் கேட்கலாம் என்று. "யக்கா, நான் குடிச்சிட்டு வந்தா புஷ்பம் எனக்கு என்ன செய்வா? தலைக்குத் தண்ணி ஊத்துவாளா, மோர் குடுப்பாளா?" சொர்ணக்கிளி வாசற்படியில் குறுக்கே கிடந்தாள். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "மோராவது மயிராவது, போல அங்கிட்டு" என்றாள்.

நாலு தெருவிலும் அப்படித்தான். எவன் குடித்தாலும் அவனுக்கு ஏறவில்லை. அவனுக்குச் சோறு போடுகிற கை எவளுடையதோ அவளுக்கு ஏறியது. கல்யாணமாகாதவன் குடித்தால் ஆத்தாளுக்கு, பெண்டாட்டி செத்தவன் குடித்தால் மருமகளுக்கு. மெஸ் நடத்துகிற செல்லத்தாய்க்குத்தான் ரொம்பக் கஷ்டம். அவளிடம் சாப்பிடுகிற லாரி டிரைவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அவளுக்குள் ஏறி, ஆளாளுக்கு ஒரு பக்கம் வண்டியைத் திருப்ப, அவள் அடுப்படிக்கும் கைகழுவுகிற தொட்டிக்கும் நடுவே ஹார்ன் அடித்துக்கொண்டே சுற்றி வந்தாள்.

ஏன் இப்படி என்று மூணாம் அளத்தில் யாரும் கேட்கவில்லை. அங்கே மழையும் சொல்லிக்கொண்டு வருவதில்லை, கடலும் கேட்டுக்கொண்டு ஏறுவதில்லை. இதற்கு என்ன பேர் வைப்பது என்றுதான் எல்லாரும் யோசித்தார்கள். ஆண்பிள்ளை தள்ளாடினால் அசதி. பெண்பிள்ளை தள்ளாடினால்? கோவில் பூசாரி, "காத்து. தெக்கத்திக் காத்து. உச்சி வேளையில தலைய விரிச்சுப் போட்டுட்டு அளத்துல நின்னா அது சும்மாவா போகும்?" என்றார். கிழக்குத் தெரு போதகர், "பிரியமானவர்களே, இது கடைசி காலத்தின் அடையாளம், சகோதரிகள் முக்காடிட்டு ஜெபிக்கட்டும்" என்றார். மருந்துக்கடைக்காரர், "பித்தம்மா, வெறும் பித்தம், ரெண்டு மாத்திரை தாரேன், வெந்நீர்ல போடு" என்றார். உப்பளச் சங்கத் தலைவர், "தோழர்களே, உழைக்கும் பெண்களின் களைப்பை நிர்வாகம் கண்டுகொள்ளாததன் விளைவு இது" என்று ஆரம்பித்து, தொண்டை கட்டியதால், அதற்கு ஒரு மடக்குக் குடித்துவிட்டு வந்து தொடர்ந்தார், அவர் வீட்டில் ஒரு பாத்திரம் உருண்டது.

வெளியூர்க்காரன் ஒருத்தன் கேட்டால், ஏறாத சரக்கை எதற்குக் குடிக்க வேண்டும், நிறுத்திவிடலாமே என்பான். வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும்? ஏறவில்லையே என்றுதான் இன்னொன்று ஊற்றினார்கள். இந்தத் தடவை ஏறும், இந்தத் தடவை ஏறும் என்று ஊற்றினார்கள். ஏறாதவன் கை பாட்டிலைத் தேடாமல் இருக்குமா, தோள் கடுக்காமல் இருக்குமா, கொம்பையா அண்ணாச்சி நீட்டினதை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? பலவேசமும் குடித்தான். குடித்துவிட்டுப் பச்சைத்தண்ணீர் குடித்தவன் மாதிரி வீட்டுக்கு வந்து, தங்கபுஷ்பத்தின் வாயைத் துடைத்து, அவள் வாந்தி எடுத்த இடத்தில் மண்ணை அள்ளிப் போட்டு, அவளைச் சுவரோரமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தான், மல்லாந்து கிடந்தால் மூச்சு முட்டும் என்று அவனாகக் கண்டுபிடித்திருந்தான்.

"இனிமே குடிக்கலட்டி" என்று சொல்வான்.

"அது நான் சொல்லவேண்டியதுல்லா?" என்று அவள் சிரிப்பாள்.

ஊர் பழகிக்கொண்டது. பழகுவதில் மூணாம் அளத்தை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் தலை கனத்து வருகிற பெண்கள் உப்புக் கூடையோடு பாத்தியில் விழாமல் இருக்க, கொம்பையா வரப்பு நெடுகக் கம்பு ஊன்றிக் கயிறு கட்டிவிட்டார். ஆண்கள் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டார்கள், தெருவெல்லாம் புளி தீய்ந்த நாற்றம் அடித்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம், "மாப்பிள்ளை எவ்வளவு சாப்பிடுவார்?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். ரேஷன் கடையில் பெண்கள் வரிசைக்குச் சுவரோரமாக இடம் விட்டார்கள், சாய்ந்துகொள்ள. ஒரு சின்ன விசயத்தை மட்டும் ஊரால் பொறுக்க முடியவில்லை: ஏறினபோது பெண்கள் பேசினார்கள். அதுவரைக்கும் பேசாததையெல்லாம் பேசினார்கள், தெருவில் நின்று, ஆளைப் பேர் சொல்லி.

இதற்கு மேல் தாங்காது என்று ஊர்க்கூட்டம் போட்டார்கள். குடியை நிறுத்த மூணாம் அளத்துக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும், அது கயிறு. மேற்கே மலையடிவாரத்தில் ஒரு கோவில் இருக்கிறது. அங்கே போய் இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்து மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டால், தொட மாட்டான். தொட்டால் ரத்தம் கக்கிச் சாவான். சுற்றுப்பட்டில் எத்தனையோ பேர் அதற்குப் பயந்து நிறுத்தியிருக்கிறார்கள், ஒன்றிரண்டு பேர் கக்கியும் இருக்கிறார்கள். வேன் பிடித்துப் போனார்கள்.

அந்தக் கோவில் பூசாரி கயிற்றை மஞ்சளில் நனைத்துக்கொண்டே, "யாருக்கெல்லாம்?" என்று கேட்டார்.

பலவேசம் தன் கையைப் பாதி நீட்டிவிட்டான். ஏன் நீட்டினான் என்று அவனுக்கே தெரியாது. கொம்பையா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"ஒனக்கு எதுக்குடே? நீதான் நட்டுவச்ச கல்லு மாதிரி நிக்கியே. தள்ளாடுறவளுக்குக் கட்டு சாமி."

இதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கயிறு என்பது தள்ளாடுகிற ஆளுக்குக் கட்டுவது, காலங்காலமாக அப்படித்தான், தள்ளாடாத ஆளுக்குக் கட்டினதாக யாரும் கேள்விப்பட்டதே இல்லை. பெண்கள் வரிசையாகக் கையை நீட்டினார்கள். வாழ்க்கையில் ஒரு சொட்டுத் தொடாதவர்கள், இனி தொடமாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

தங்கபுஷ்பம் மட்டும் கேட்டாள். "சாமி, தொடாததை எப்படித் தொடாம இருக்க?"

"அதெல்லாம் கேக்கப்படாதும்மா. கையை நீட்டு."

நல்லபடியாக முடிந்தது என்று திரும்பி வருகிற வழியில் வேனை ஓரங்கட்டி ஆண்கள் இறங்கிப் போய்க் கொஞ்சம் சந்தோசப்பட்டுவிட்டு வந்தார்கள். கொம்பையா நீட்டினார், பலவேசமும் வாங்கிக்கொண்டான். வேன் ஊர் எல்லையைத் தொடுமுன்னே, மஞ்சள் காயாத கயிறுகளோடு அத்தனை பெண்களும் ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்து ஆடிக்கொண்டு வந்தார்கள். அன்றையிலிருந்து ஊருக்கு அந்தப் பெண்களைக் கூப்பிட ஒரு பேர் கிடைத்துவிட்டது. சத்தியம் மீறினவள்.

தங்கபுஷ்பத்தின் கண் மஞ்சளானது ஆடியில். முதலில் ஓரம், பிறகு முழுவதும். வயிறு வீங்கியது, கால் மெலிந்தது. பலவேசம் அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். சின்ன வயசு டாக்டரம்மா. வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள், காகிதத்தைப் பார்த்தாள், பிறகு தங்கபுஷ்பத்தைப் பார்த்தாள்.

"எத்தனை வருசமா குடிக்கிறீங்கம்மா?"

"நான் குடிக்கல தாயீ. இவுகதான் குடிக்காவ."

டாக்டரம்மா பலவேசத்தைப் பார்த்தாள். கண் தெளிவு, கை நிதானம், மடித்துக் கட்டாத வேட்டி. "எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க சார்" என்றாள் அவனிடம், தணிந்த குரலில். "ஈரல் போயிடுச்சு. இனிமே கொஞ்சம் உள்ளே போனாலும் தாங்காது. நீங்க பொறுப்பான ஆளாத் தெரியறீங்க, வீட்டுல பாட்டில் இல்லாம பாத்துக்குங்க. ஒண்ணு சொல்றேன், மறக்காதீங்க. நிறுத்தினா கை நடுங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். அப்படி ஆச்சுன்னா வீட்டுல வச்சிருக்காதீங்க, அடுத்த பஸ்ஸுல இங்கே கொண்டு வந்திருங்க. அதுக்கு மருந்து இருக்கு."

பொறுப்பான ஆள் என்று பலவேசத்தை இதுவரை யாரும் சொன்னதில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதான். தங்கபுஷ்பம் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அன்றைக்கு நிறுத்தினான்.

நிறுத்துவது அவனுக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்தது, அதுதான் கொடுமை. கை நடுங்கவில்லை, தூக்கம் கெடவில்லை, நாக்கு வறளவில்லை. எல்லாம் அவளுக்கு வந்தது. முதலில் விரல், பிறகு தாடை, பிறகு கட்டிலே தடதடவென்று ஆடியது. வேர்த்து ஊற்றியது. "சுவத்துல நண்டு ஊருது, பாரும், பாரும், என் சேலைக்குள்ள வருது" என்று கத்தினாள். இதைத்தான் டாக்டரம்மா சொன்னாள் என்று பலவேசம் வேட்டியை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினான். வாசலில் கொம்பையாவும் ஊர்ப்பெரியவர்களும் நின்றார்கள்.

"எங்கல போற? கொடைக்குக் காப்புக் கட்டியாச்சு. ஒன் கையிலதான கெடக்கு காப்பு? காப்புக் கட்டின சாமியாடி ஊரெல்லையத் தாண்டுவானால?"

"புஷ்பத்துக்கு முடியல அண்ணாச்சி. ஆஸ்பத்திரில கூப்பிட்டிருக்காவ."

"ஆஸ்பத்திரிக்காரனுக்கு மாடனைத் தெரியுமா? இந்த வருசம் படையல் பாட்டிலைத் தொடமாட்டேன்னு நீ சொன்னியாம்லா. தெருவே கேட்டிருக்கு. மாடன் கேக்காதா? அதான் அவளைப் போட்டு ஆட்டுது."

"நான் குடிச்சா அவ செத்துருவா."

"நீ குடிக்கலயேல, சாமில்லா குடிக்கும். சாமி குடிச்சது சாமிக்குப் போகும். இது தெரியாதா ஒனக்கு?"

அவளை மட்டுமாவது யாரோடாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினான். கூடப் போக நிதானத்தில் ஒரு பெண் ஊரில் இல்லை. ஆண்பிள்ளையோடு அனுப்பினால் ஊர் நாலு சொல்லும். எல்லாம் கொடை முடியட்டும் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. போகும்போது ஒருத்தர் இளநீர் வைத்துவிட்டுப் போனார், ஒருத்தர் திருநீறு பூசிவிட்டுப் போனார்.

தங்கபுஷ்பம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கொஞ்சம் தெளிந்தபோது அவன் கையைப் பிடித்தாள், அவள் நடுக்கம் அவன் கையையும் ஆட்டியது.

"இதையா நீரு இத்தனை வருசமா உள்ள வச்சுட்டு அலைஞ்சீரு?"

"தெரியலட்டி. எனக்குச் சொல்லிக்கிட ஒரு காரணம் இருந்துச்சு."

"எனக்கு ஒண்ணுமில்லையே." யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். பிறகு குரலைத் தணித்து, அவனைப் பார்க்காமல், "ஒரு மடக்குக் குடியுமேன். நீரு குடிச்சா எனக்கு நிக்கும். சத்தியமா ஒரு மடக்குப் போதும்" என்றாள்.

வருசக்கணக்காகக் குடிக்காதீரும் குடிக்காதீரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த வாய் அது. பலவேசம் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான்.

மதியக் கொடை. அளத்து மாடனுக்கு முன்னால் சோறும் கறியும் மலையாகக் குவிந்து, அதன் உச்சியில் சுருட்டும் பாட்டிலும் இருந்தன. கொட்டு அடிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்கள். தங்கபுஷ்பத்தை நாற்காலியில் வைத்துத் தூக்கிவந்து பெண்கள் பக்கம் உட்காரவைத்திருந்தார்கள், சாமி முகத்தில் முழித்தால் நின்றுவிடும் என்று. நாற்காலி மணலில் டக்டக்டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது, கொட்டுக்காரனுக்கே தாளம் தப்பியது. பாட்டிலைப் பலவேசத்தின் கையில் கொடுத்தார்கள். அவன் அவளைப் பார்த்தான். அத்தனை நடுக்கத்திலும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள், ம், என்று.

குடித்தான். நாற்காலி நின்றது.

பெண்கள் குலவை போட்டார்கள். சாமி ஏத்துக்கிட்டது, சாமி ஏத்துக்கிட்டது என்று ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. தங்கபுஷ்பத்தின் முகத்தில் ரத்தம் ஓடி, உதடு விரிந்து, அவள் புதுப்பெண் மாதிரி சிரித்தாள். அவன் ஒருத்தன்தான் அந்தக் கூட்டத்தில் சரக்கும் ஏறாமல், சாமியும் இறங்காமல் பச்சையாக நின்றான். ஆட வேண்டுமே என்று ஆடினான். எத்தனையோ கொடையில் ஆடியிருக்கிறான், எப்படி ஆடுவான் என்று அவன் பார்த்ததில்லை, மற்றவர்கள் சொன்னதை வைத்து ஆடினான். ஆடும்போது எல்லாம் தெரிந்தது. கொட்டுக்காரன் கொட்டாவி விட்டது தெரிந்தது. வெட்டுக்குக் கட்டியிருந்த ஆட்டுக்குத் தாகம் என்று தெரிந்தது. முன்வரிசையில் நிற்கிற பெண்களில் பாதிப்பேர் கண்ணில் மஞ்சள் ஆரம்பித்திருப்பது தெரிந்தது.

கொம்பையா கைகட்டி முன்னால் வந்தார். "மாடா, எங்க பொம்பளையளுக்கு இது எப்ப தெளியும்? வாக்குக் குடு."

இந்த ஒரு நேரத்தில் அவன் சொன்னால் ஊர் கேட்டே ஆக வேண்டும். பலவேசம் வாயைத் திறந்தான்.

"கயித்தை ஆம்பளை கையில கட்டுங்க. நீங்க குடிக்கது அவளுக ஈரல்ல இறங்குது. இண்ணைல இருந்து ஒருத்தனும் தொடாதீங்க. எனக்கும் ஊத்தாதீங்க, நான் கேக்கல. அந்தா இருக்காளே, அவளை வண்டில ஏத்தி இப்பமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

கொட்டு நின்றது. கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது.

"என்னடே, சாமி இப்படிப் பேசுது?"

"ஒவ்வொரு எழுத்தும் தெளிவா விழுதேய்யா."

"மாடன் பேசுனா பாதிதான புரியும்? இது பலவேசம் பேசுத மாதிரில்லா இருக்கு."

"காலைப் பாரு, நேரா நிக்கான். சாமி வந்த கால் அப்படியா நிக்கும்?"

நாற்காலியிலிருந்து தங்கபுஷ்பம் கத்தினாள், நாக்குக் குழறக் குழற. "அவுக சொல்லுதது நெசந்தான்! என் வயித்தைத் தொட்டுப் பாருங்க! நெசந்தான்!" யாரும் திரும்பவில்லை. "அவளை ஆராவது புடிங்கப்பா, வெறியில என்னமும் உளறுவா" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

கொம்பையா நல்ல மனசோடுதான் சொன்னார். "சாமி இன்னும் சரியா இறங்கல. இன்னொண்ணு ஊத்துங்கடே." அடுத்த பாட்டிலை அவன் வாயில் வைத்தார்கள். பலவேசம் பல்லைக் கிட்டிக்கொண்டான். தாடையை நெரித்தார்கள், கிட்டிக்கொண்டே இருந்தான். பொறுக்கமாட்டாமல் கொம்பையா பாட்டிலைப் பிடுங்கித் தானே கவிழ்த்துக்கொண்டார், கவிழ்த்த வேகத்தில் "ஏ...ய்!" என்று அலறிச் சுழன்றார். மாடன் அவர் மேல் மாறிவிட்டதாக ஊர் அலறியது. "பொம்ப்...ள... அடக்கம்... ரெண்டு கெடா... வார வருசம்... ரெண்டு..." என்று பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வாக்கு வந்தது. எல்லாருக்கும் உடம்பு சிலிர்த்தது. தூணோரம் நின்றிருந்த சொர்ணக்கிளி சத்தமில்லாமல் வழுக்கி உட்கார்ந்தாள்.

பலவேசம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டான். தங்கபுஷ்பம் அவன் தோளில் சாய்ந்தாள்.

"சாமி என்ன கேக்குதாம்?"

"வார வருசம் ரெண்டு கிடா கேக்குது."

"கிடான்னா குடுத்துருவாவ" என்றாள்.

அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. அவன் நெஞ்சில் பூசியிருந்த மஞ்சளின் மேல் ரத்தம் கக்கினாள். கையில் கயிறு கிடந்தது. கயிறு சும்மா விடுமா, சத்தியம் மீறினால் இப்படித்தான் என்று ஊர் மூன்று நாள் பேசியது. துட்டி வீட்டில், மனசு ஆறட்டும் என்று ஆளாளுக்கு அவனிடம் டம்ளரை நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை. பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அதற்கும் குடித்தார்கள்.

அதற்குப் பிறகு அவன் தானே பொங்கித் தின்றான், யாரிடமும் பேசாமல் உப்பு வாரினான். ஊரில் இன்னும் சில பெண்கள் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மழையில் பாத்தியெல்லாம் கரைந்து உப்பு சேரவில்லை. ஊர்ப் பூசாரி சொப்பனம் கண்டார். ஆயுசு முடியாமல் போனவள், கொடையன்றைக்கே போனவள், அவளைச் சாமியாக்கி ஒரு நிலையம் போடாமல் விடலாமா என்று. மாடனுக்குப் பக்கத்தில் மண்ணால் ஒரு பீடம் பிடித்து, வெள்ளையடித்து, சிவப்புச் சேலை சுற்றி, புஷ்பத்தம்மன் என்று பேர் வைத்தார்கள். அடுத்த கொடையில் அவளுக்கும் படையல் என்று முடிவானது. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தார்கள். சாளை மீனா, வெற்றிலையா? யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: குடித்துச் செத்தாள். ஆகவே பாட்டில் வைத்தார்கள்.

வரமாட்டேன் என்று சொல்லியும் கேட்காமல் பலவேசத்தை இழுத்துவந்தார்கள். பந்தியில் உட்காரவைத்து, ஊர்ப்பெண்கள் எல்லாரும் சேர்ந்து பொங்கின கொடைச்சோற்றை, ஆளுக்கொரு கரண்டியாகப் போட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு தின்றான். தின்றதும் கை அலம்பிவிட்டுப் பீடத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். கொட்டு முழங்கியது. கொம்பையா பாட்டிலின் மூடியைத் திருகி, ரெண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

"ஒம் பொண்டாட்டி கேக்காடே. அவளுக்கு நீ குடிக்காம வேற ஆரு குடிப்பா?"

பலவேசம் வாங்கிக்கொண்டான். பீடத்தைப் பார்த்தான், வண்ணம் தீட்டினவன் கண்ணுக்கு நல்ல வெள்ளை அடித்திருந்தான். பிறகு திரும்பி, சத்தமில்லாமல், உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டான்.

"இப்பம் நான் குடிச்சா ஆருக்கு ஏறும்?"

கொம்பையா, "என்னல கேள்வி இது, சாமிக்குத்தான்" என்று கொட்டுக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். கொட்டு இன்னும் வேகமாக எழுந்தது. குலவையிட வாயெடுத்த பெண்கள் மட்டும் வாயை மூடிக்கொண்டார்கள். முன்வரிசையில் நின்றவள் ஒரு அடி பின்னால் வைத்தாள், அவளுக்குப் பின்னால் நின்றவளும் வைத்தாள், யாரும் யாரையும் பார்க்காமல், அவனுக்குச் சோறு போட்ட கரண்டியைக் கீழே போடாமல், ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினார்கள், மணல் முடிந்து வரப்பு முடிந்து பாத்தி நீர் கொதிக்கக் கொதிக்கக் குதிகாலில் சுடுகிற வரைக்கும்.